குண்டூசியின் கணக்கு

பிற்பகல் வெயில் வகுப்பறைப் பாயில் கால் நீட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் பாட்டில் மூடிகளை எண்ணி எண் அட்டைகளின் மேல் அடுக்குகிறார்கள். மணல் தட்டில் யாரோ விரலால் எழுதிய 'அ' பாதி கலைந்திருக்கிறது. வீட்டுக் கைக்குழந்தையால் இரவெல்லாம் தூங்காத டீச்சர், முழங்கால் கடுக்க, எல்லோரும் குண்டூசி என்று கூப்பிடும் சிறுமியின் முன் உட்காருகிறாள். பத்து நாளாக மூன்றைத் தாண்டாதவள் இவள். இன்று டீச்சர் தொட்டுத் தொட்டு எண்ணினால் மூடிகள் ஏழு, அட்டையிலும் ஏழு. "யாருடி சொல்லிக் குடுத்தா?" "யாருமில்ல டீச்சர். நீங்க கொட்டாவி விடுறப்பல்லாம் ஒண்ணு வெச்சேன்." டீச்சருக்குச் சிரிப்பு வருகிறது, வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வருகிறது. குண்டூசி இன்னொரு மூடியை வைத்துவிட்டு, எட்டாம் அட்டையைத் தேடுகிறாள்.