கைப்பையில் இரண்டு ஸ்பூன்

மனைவியின் கைப்பையில் வீட்டுச் சாவியைத் துழாவிய டிக்கெட் பரிசோதகரின் கையில் இரண்டு ஸ்பூன்கள் அகப்பட்டன. குழந்தைகளுக்கு ஊட்டுவதற்கென்று விற்கும் சின்னஞ்சிறு ஸ்பூன்கள். ஒன்று நீலம், மற்றது மஞ்சள்.

உடல் எடையைக் குறைக்க இரைப்பையின் மேற்புறத்தைச் சுற்றிப் பட்டை பொருத்தும் அறுவை சிகிச்சை முடிந்து அவள் வீடு திரும்பியபோதே, இனிச் சின்னத் தட்டு, சின்ன ஸ்பூன், நன்றாக மென்ற பிறகே அடுத்த வாய் என்று மருத்துவர் விதித்திருந்தார். ஆனால் அதற்காக வாங்கிய ஸ்பூன் சமையலறையில் பத்திரமாக இருந்தது. அப்படியானால் இவை யாருக்கு? அதுவும் ஏன் இரண்டு?

ரயிலில் டிக்கெட் பரிசோதிப்பது அவருடைய தொழில். கழிப்பறைக் கதவு சற்று அதிக நேரம் மூடியிருந்தாலே, உள்ளே டிக்கெட் இல்லாதவன் ஒளிந்திருக்கிறான் என்று மோப்பம் பிடிக்கும் மூக்கு அவருக்கு. சீருடையைக் கழற்றி மாட்டுவது போல அந்த மூக்கைக் கழற்றி மாட்ட அவருக்குத் தெரியாது.

சாப்பாட்டு மேசைக்கும் அவரே காவல். ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவே விழுங்கிப் பழகியவர் ஆதலால், தம் தட்டை நொடியில் காலி செய்துவிட்டு, கன்னத்தில் கைவைத்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய வாயாக எடுக்கிறாளா, மெல்லாமல் விழுங்குகிறாளா, இடையில் தண்ணீர் குடிக்கிறாளா என்று யாராவது கவனிக்க வேண்டாமா? உடனிருக்கும் அவருடைய தந்தையோ, புதுப் பல்செட் மாட்டியதிலிருந்து பாதித் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து போய்விடுகிறார். வயதானால் அப்படித்தான் என்று மகனும் விட்டுவிட்டார்.

இத்தனை காவல் இருந்தும், மசித்த காய்கறியில் நாலு வாய் போவதற்குள் அவளுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடுவாள். வாந்தி நிற்காவிட்டால் பட்டையையே எடுத்துவிட நேரும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். எடுத்தால் பழைய உடம்பு, பழைய முழங்கால் வலி; மறுபடியும் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற வேண்டும். அதை எண்ணி அவள் தலையணையில் முகம் புதைத்து அழுததை அவர் அறிவார்.

அப்படியிருக்க, சென்ற வாரப் பரிசோதனையில் மருத்துவரின் முகம் மலர்ந்தது. எடை சீராக இறங்குகிறது, சத்தும் குறையவில்லை, இதேபோல் சாப்பிட்டு வாருங்கள் என்று பாராட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டில் நாலு வாயைத் தாண்டாதவள் எங்கே சாப்பிடுகிறாள் என்ற கேள்வி அன்றே பரிசோதகரின் மனத்தில் முள்ளாகத் தைத்தது. இப்போது யாருடன் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

அன்று மாலை ஒன்றும் அறியாதவர் போலப் பேச்சுக் கொடுத்தார்.

"மத்தியானம் கடையில யார்கூட சாப்பிடுற?"

"யார் இருக்காங்களோ அவங்ககூட," என்றாள், கழுவிய பாத்திரத்தையே மீண்டும் கழுவியபடி.

டிக்கெட் இல்லாதவர்களும் இப்படித்தான், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பதில் சொல்வார்கள்.

மறுநாள் விடுப்பு எடுத்தார். ஆயினும் வேலைக்குப் போவது போலச் சீருடை அணிந்து கிளம்பி, மதிய வேளையில் அவள் பணிபுரியும் மூக்குக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தார். முன்னால் இருந்த பெண் அவரை அடையாளம் கண்டு எழுவதற்குள் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

கண் பரிசோதிக்கும் அறையின் திரைக்குப் பின்னாலிருந்து அவளுடைய சிரிப்பு கேட்டது. வீட்டு மேசையில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதங்கள் ஆயின. திரையின் இடுக்கில் ஓர் ஆணின் கை தெரிந்தது. கையில் மஞ்சள் ஸ்பூன்.

அந்தக் கை ஒரு வாய் எடுத்தது. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தது. நீல ஸ்பூனும் அவ்வாறே எழுந்தது, ஓய்ந்தது. உலகத்தில் எந்த ரயிலையும் பிடிக்க வேண்டாதவர்கள் போல இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பரிசோதகர் திரையை ஒரே இழுப்பில் விலக்கினார். வாயில் வந்தது தொழில் வார்த்தைதான்.

"இந்த சீட்ல யாரு?"

அந்த மனிதர் வாயிலிருந்ததை மென்று முடித்து, விழுங்கி, ஸ்பூனை வைத்த பிறகே திரும்பினார். நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நாள்தோறும் மதியம் கிளம்பும் பரிசோதகரின் தந்தை.

"ரெண்டு பேர்கிட்டயும் டிக்கெட் இருக்குப்பா. உக்காரு."

பரிசோதகருக்கு உயிர் திரும்பி வந்தது. டப்பாவில் வேகவைத்த மீனும் மசித்த காய்கறியும் பாதிக்கு மேல் காலியாகியிருந்தன. அவள் முகத்தில் அடைப்போ அவதியோ இல்லை. வீட்டில் முடியாதது இங்கே எப்படி முடிகிறது என்று அவருக்குப் புரியவில்லை.

"இத எங்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்றார். தந்தை தம் பல்செட்டை நாவால் சரிசெய்துகொண்டார். அவள் டப்பாவைப் பார்த்தாள்.

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் அமர்ந்த பரிசோதகர், வழக்கம்போல் கன்னத்தில் கைவைத்து அவளைப் பார்த்தார். நீல ஸ்பூன் வாயருகே வந்து அப்படியே நின்றது. அவளுடைய இடது கை மெல்ல நெஞ்சைத் தொட்டது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்களேன்," என்றாள். "எனக்கு இறங்கட்டும்."