மூன்றாவது பாஸ்வேர்டு

"யார்கிட்ட சார் சொல்லித் தொலைச்சீங்க?" எரிந்து விழுந்தான் சம்பத். மாமல்லபுரத்தில் அச்சுதனின் டிராவல்ஸ் ஆபீசுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். ஒரே மாதத்தில் இரண்டு பாஸ்வேர்டும் வெளியே போய்விட்டன.

"சத்தியமா யார்கிட்டயும் சொல்லலப்பா. என் சம்சாரத்துக்கே தெரியாது."

"அப்புறம் எப்படி பக்கத்து டிராவல்ஸ் கிருஷ்ணபிரசாத் உங்க ஒயர்லெஸ்ல நுழைஞ்சு, புக்கிங்கைப் பார்த்து, உங்க கஸ்டமரையெல்லாம் இழுத்துக்கினு போறாரு?"

"அதான் எனக்கும் புரியல."

"உங்களோட ஒரே பேஜாரு சார்!"

பல்லைக் கடித்துக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றினான் சம்பத். அச்சுதன் அதைத் துண்டுச் சீட்டில் எழுதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார்.

"இது எதுக்கு?"

"புதுசா எது வந்தாலும் பெருமாள் பாதத்துல வெச்சுட்டுத்தானே ஆரம்பிப்போம்? நீயும் வா."

கோயிலில், அர்ச்சனைத் தட்டிலிருந்த சீட்டை எடுத்தார் அர்ச்சகர். எல்லோரும் தருவதுபோல் பேரும் நட்சத்திரமும்தான் என்று நினைத்து, கணீரென்று படித்தார்.

"எக்ஸ், ஏழு, க்யூ, நாலு... நாமதேயஸ்ய..."

சம்பத் திரும்பிப் பார்த்தான். வரிசையில் பின்னால் நின்ற கிருஷ்ணபிரசாத், பயபக்தியோடு உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தார்.