வாசம்

வடக்கே மழை பிடித்ததால் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி வேலை நின்று, நவநீதகிருஷ்ணன் நேற்றுதான் திருச்செங்கோட்டுக்குத் திரும்பியிருக்கிறான். ஜன்னல் வெயில் கட்டிலில் விழுகிறது. அதில் உட்கார்ந்து, மகள் தமிழினி முழங்கை மடிப்பைச் சொறிகிறாள். கரப்பான் புண்ணில் நீர் கசிகிறது.

"பீடிப் புகை பட்டா அதிகமாகும்னு டாக்டர் சொன்னாருங்க," என்கிறாள் மனைவி சரிதா.

"நான் ஊட்டுக்குள்ள குடிக்கறதே இல்லியே புள்ள. ரோட்டுலதான்."

"ரோட்டுல குடிச்சுட்டு அதே சட்டையோடதானுங்க புள்ளையத் தூக்கறீங்க. ராத்திரியெல்லாம் சொறிஞ்சுட்டே கெடந்தாளுங்க."

அவன் குனிந்து தன் சட்டையை முகர்கிறான். மறுபடியும் முகர்கிறான். அவனுக்கு ஒரு வாசமும் தெரியவில்லை.

"அப்பா, தூக்கு," என்று தமிழினி இரண்டு கைகளையும் நீட்டுகிறாள்.

"இரு சாமி," என்று அவன் சுவரோரம் பின்வாங்குகிறான். விளையாட்டென்று நினைத்துக் குழந்தை சிரிக்கிறது.