பதினெட்டுப் பாறை அம்மன்

“பீடி குடிக்கிறவன் போலீஸுக்குப் பயப்பட மாட்டான் சார். அம்மனுக்குப் பயப்படுவான். பாறைக்குப் பாறை வரைஞ்சு வுட்றேன், பாரு சார்!” என்றார் தாம்பரத்தில் கடை போர்டு எழுதும் ஜெயவேலு.

வனக் காவலர் ஏகநாதனுக்கு வேறு வழியில்லை. வண்டலூரைத் தாண்டி அவர் காவல் காக்கும் கரட்டுமலை இரண்டு கோடையாக எரிந்துவிட்டது. இந்த 1993லும் எரிந்தால் தர்மபுரிக்கு மாற்றல் என்று மேலதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“பூமியே சூடாகுதுன்னு டி.வி.யில சொல்றான். மழையும் இல்ல. ஒரு துண்டு பீடி போதும்யா” என்று புலம்பினார் ஏகநாதன்.

“அதான் நான் கீறேன் இல்ல!”

வீட்டிலும் நிம்மதி இல்லை. “பொண்ணு பத்தாவது படிக்கிறா. மாத்தல் வந்தா நீங்க மட்டும் போங்க” என்று மனைவி தையல்நாயகி தினமும் அழுதாள்.

பத்தே நாளில் பதினெட்டுப் பாறையிலும் பதினெட்டு அம்மன். உருட்டு விழியும் தொங்கும் நாக்குமாக, அடேயப்பா, ஏகநாதனுக்கே குலை நடுங்கியது.

வேலை செய்தது! மலை வழியாகப் போனவர்கள் பீடியைக் காதில் செருகிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் தீப்பெட்டியை அடிவாரத்திலேயே வைத்துவிட்டு ஏறினார். வைகாசி பாதி போயும் ஒரு பொறி இல்லை.

“உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்யா!” என்றார் ஏகநாதன்.

“எனுக்கு இன்னாத்துக்கு சார்? அம்மனைக் கும்புடு.”

அன்றைக்கே வீட்டில் பெருமையடித்தார். “இனிமே நம்ம மாத்தல் அந்தப் பதினெட்டு அம்மன் கையிலதான்டி!”

தையல்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அழவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. மலை உச்சியில் குபுகுபுவென்று புகை! ஏகநாதன் தலைதெறிக்க ஓடினார்.

“எந்தப் படுபாவிடா பீடி குடிச்சவன்?”

எதிரே, தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலும் கையில் காலித் தட்டுமாக, வேண்டுதல் முடித்தவள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் பார்க்காமலே, தையல்நாயகி பூரிப்பாக இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

“இனிமே உங்களை யாரும் அசைக்க முடியாதுங்க! பதினெட்டு அம்மனுக்கும் கற்பூரம் ஏத்திட்டேன். காத்துல அணைஞ்சு அணைஞ்சு போச்சு. விடுவேனா? சருகைக் கூட்டிப் போட்டு நல்லாக் கொளுத்திட்டுத்தான் வந்தேன்!”