தில்லைநாதன் வந்திட்டார்

"வேலையை விட்டுப் போன ஆளுக்கு ஒவ்வொரு நாளும் வரவு விழுது. இது எப்பிடி, டொறின்?"

எங்கட புது மனேஜர் றஷ்மி லப்டொப்பை டொறினின்ர மேசையில வைச்சுத் திருப்பிக் காட்டினா. திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் வேலைக்கு வந்த ஒரு ஆள். அதில ஒண்டுக்குப் பக்கத்தில தில்லைநாதன் எண்டு பேர் கிடந்தது.

டொறினுக்கு அடுத்த மேசைதான் என்ர மேசை. டொறின், கொட்டாஞ்சேனையில இருந்து பஸ் ஏறி, எங்கள் எல்லாருக்கும் முந்தி வந்து நிக்கிற பிள்ளை. சம்பள வேலை முழுக்க அவவின்ர கையில.

முகம் பாக்கிற மெசின் எங்கட வெள்ளவத்தை ஒபிஸுக்கு வந்து கொஞ்ச மாதம்தான். வாசல்ல போய் நிண்டா முகத்தைப் பார்த்து, பொம்பிளைக் குரல்ல "தாங்க் யூ" எண்டு சொல்லும். எங்கட முதலாளியின்ர வாயில ஒருநாளும் வராத சொல்! ஆர் பிந்தி வந்தது, ஆர் மத்தியானம் நழுவினது, எல்லாம் உடனே மனேஜருக்குப் போயிடும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் கையெழுத்து வைக்கிற விளையாட்டு அதோட முடிஞ்சுது. நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டன்.

"மெசின் வர முந்தியே இவர் ரிட்டயர் ஆகிட்டார்," றஷ்மி விடேல்லை. "அப்ப இவரின்ர முகத்தை இதுக்குள்ள ஏத்தினது ஆர்?"

"நான்தான் மிஸ்."

"ஏன்?"

டொறின் குனிஞ்சு மேசையில கிடந்த பைலை அடுக்கினா. எனக்கெண்டா அந்தரமாப் போச்சு. ஏதாவது சொல்லித் துலையன் பிள்ளை!

"இல்லாத ஆளுக்குச் சம்பளம் போடுற வேலையெல்லாம் எனக்குத் தெரியும். இண்டைக்கே மேலிடத்துக்கு அறிவிக்கப் போறன். உங்கட வேலை போனா அதுக்கு நான் பொறுப்பில்லை."

அந்த நேரம் பார்த்து வாசல்ல மெசின் "தாங்க் யூ" எண்டது.

"சந்தோசம் பிள்ளை," எண்டு ஒரு குரல். மெசினுக்குத்தான் பதில் சொன்னார். தில்லைநாதன் அங்கிள்!

ஸ்டோர்ஸில காலம் முழுக்க நிண்ட மனுசன். இப்பவும் அயர்ன் பண்ணின சேட், சப்பாத்து, நெத்தியில திருநீறு. மனிசி கண்ணை மூடிட்டா. பிள்ளையள் லண்டனிலயும் ரொறன்ரோவிலயும். பக்கத்து லேனில, பிளாட் ஒண்டில தன்னந்தனிய இருக்கிறார்.

"ஐயா, நீங்க ஏன் இஞ்ச ஒவ்வொரு நாளும் வாறீங்க?" றஷ்மி கேட்டா.

"டொறின் பிள்ளை சொன்னவ, என்ர ஈ.பி.எஃப். சேமலாபக் காசு அலுவல் முடியுமட்டும் காலமை வந்து முகம் காட்ட வேணுமெண்டு. அதுதான் மழையெண்டாலும் வந்திடுவன்." டொறினைத் திரும்பிப் பார்த்தார். "ஏன், முடிஞ்சுதோ?"

முடிஞ்சிருக்கக் கூடாது எண்டு பயந்து கேட்ட மாதிரி இருந்தது.

"இன்னும் இல்லை அங்கிள். நாளைக்கும் வாங்க," எண்டா டொறின்.

அவருக்கு முகம் மலர்ந்து போச்சு. எங்களோட ஒரு பிளேன் ரீ குடிச்சு, எல்லாற்ற பிள்ளையளையும் பேர் சொல்லிச் சுகம் விசாரிச்சு, போக மனமில்லாமப் போனார்.

றஷ்மிக்கு முகம் சிவந்திட்டுது. "ஈ.பி.எஃப். எல்லாம் எப்பவோ குடுத்து முடிஞ்சுது. வயசான மனுசனுக்குப் பொய் சொல்லி நடக்க வைச்சு, அவரின்ர பேரில சம்பளம் எடுக்கிறீங்களா? வெக்கமா இல்லை?"

"சம்பளத்தில அவரின்ர பேர் இல்லை மிஸ். பாருங்க."

றஷ்மி தட்டித் தட்டித் தேடினா. இல்லைத்தான். ஒரு சதமும் போகேல்லை.

"அப்ப என்னத்துக்கு இந்தக் கூத்து?"

டொறின் தன்ர போனை எடுத்து நீட்டினா. அதில ஒரு மெசேஜ்: தில்லைநாதன் வந்திட்டார்.

"ஆள் வந்தாலும் வராட்டியும் இந்த மெசின் போனுக்கு அறிவிக்கும்தானே மிஸ். இவருக்கு மட்டும் எனக்கு வாற மாதிரி வைச்சிருக்கிறன். வரேல்லை எண்டு மெசேஜ் வந்தா, ஓடிப் போய்க் கதவைத் தட்டுவன்."

றஷ்மி போனை வாங்கிப் பார்த்தா.

"எங்கட டிரைவர் கிளெமென்ற் அங்கிளை உங்களுக்குத் தெரியாது. ரிட்டயர் ஆகி, வத்தளையில தனிய இருந்தவர். எப்ப செத்தாரெண்டே ஒருத்தருக்கும் தெரியாது. நாத்தம் வந்த பிறகுதான் கதவை உடைச்சாங்க. நாங்க எல்லாரும் வெள்ளை உடுத்துக்கொண்டு செத்த வீட்டுக்குப் போனம். பெட்டியை மூடி வைச்சிருந்தாங்க மிஸ். முகத்தைக் கூடப் பாக்க ஏலாமப் போச்சு."

"இதை அவரிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

"உயிரோட இருக்கிறீங்களோ எண்டு பாக்கத்தான் வரச் சொல்றன் எண்டு எப்பிடி மிஸ் சொல்றது?"

எனக்குக் கண் கலங்கிப் போச்சு. இத்தனை நாளும் பக்கத்து மேசையில இருந்திருக்கிறன், எனக்கும் இது தெரியாது.

அவரின்ர பேரை மெசினில இருந்து அழிக்கிறதுக்கு றஷ்மி திறந்து வைச்ச பக்கம் திரையில அப்பிடியே நிண்டது. அவ ஒண்டையும் அழிக்காம லப்டொப்பை மெல்ல மூடினா.

"சனி, ஞாயிறு ஒபிஸ் பூட்டுத்தானே," எண்டா. "அந்த ரெண்டு நாளும் அவரை ஆர் பாக்கிறது?"