ஜனாதிபதிமார் சமாதானம்

"ஜனாதிபதி பெட்டி அடுக்கிறார், அக்கா." நாகபூசணி படிக்கட்டில் நின்று இரகசியமாகச் சொன்னாள். எதிர்வீட்டில் வேலை செய்யும் றோஸ்மேரியின் முகம் கறுத்தது.

ஜனாதிபதி என்பது பேராசிரியர் கான்ஜெமிக்கு இவர்கள் வைத்த பெயர். அமெரிக்காவின் மூன்றாம் ஜனாதிபதியின் கடிதங்களிலேயே ஆயுளைக் கழித்தவர். பொலிதேயாமாப் பகுதியில் அதே கட்டடத்தின் அதே மாடியில், எதிர்க்கதவில், இரண்டாம் ஜனாதிபதியின் கடிதங்களோடு பேராசிரியர் லா றோக்கா. எந்த ஜனாதிபதி பெரியவர் என்ற சண்டையில் இருவருக்கும் வருடக்கணக்காகப் பேச்சில்லை. தனிக்கட்டைகள். ஆளுக்கு ஆறு அறை, சமையலுக்கு ஆளுக்கொரு தமிழ்ப் பெண்.

லா றோக்காவின் இருமலைக்கூடச் சகிக்க முடியாது, தூரத்துத் தோரினோ நகரில் தங்கையிடம் போகிறேன் என்று கான்ஜெமி அறிவித்துவிட்டார். அவர் போனால் நாகபூசணிக்கு வேலை போகும். வேலை போனால், அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டிய பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியும் போகும். நாட்டிலேயே இருக்க முடியாது.

நிஜ ஜனாதிபதிகளும் ஒருகாலம் இப்படி முகம் திருப்பியவர்கள்தான். 'அவருக்கு உங்கள்மேல் இன்னும் பாசம்' என்று இரு பக்கமும் எழுதியே ஒரு டாக்டர் அவர்களைச் சேர்த்துவைத்தார். துணி மடிக்கும் நாகபூசணியிடம் கான்ஜெமி இதைக் கண்கலங்கச் சொல்லியிருக்கிறார். அது தமக்கும் பொருந்தும் என்று அவருக்குத் தோன்றவில்லை; அறிஞர் அல்லவா.

"அப்ப நாங்கள் டாக்குத்தராவம்," என்றாள் றோஸ்மேரி. "கடிதம் வேண்டாம். கபோச் சந்தையிலை பழம் வாங்குவம்."

சியாகுல்லித் தோட்டத்து மந்தரீன் தோடம்பழம், பக்கத்துக்கு ஒரு பை; ஒன்றோடு றோஸ்மேரி எதிர்வீட்டுக்குள் போனாள். நாகபூசணி தன் பையைக் கான்ஜெமியின் முன் வைத்து, லா றோக்கா அனுப்பியதாகச் சொன்னாள்.

அவர் நிமிர்ந்தார். "அவனா? என்ன சொன்னான்?"

இதை அவள் யோசித்து வைக்கவில்லை. "நீங்கள் போனால் தனக்குச் சண்டை பிடிக்க ஆளில்லையாம்."

கான்ஜெமி பைக்குள் கையை விட்டார். பிறகு ஒரு பழத்தை உரித்தபடி கதவைத் திறந்தார். எதிர்க்கதவிலும் ஒருவர் பாதி உரித்த பழத்தோடு நின்றார்.

மத்தியானம் முழுக்க லா றோக்காவின் வீட்டுக்குள் மாநாடு. வெளியே இரண்டு பெண்களும் கதவில் காதை வைத்திருந்தார்கள். முதலில் கத்தல். பிறகு ஒரு சத்தமும் இல்லை; றோஸ்மேரி சிலுவை போட்டாள். பிறகு சிரிப்பு. நாகபூசணி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

கதவு திறந்தது. தோரினோப் பயணம் ரத்து, இனி இருவருக்கும் ஒரே வீடுதான் என்று, உடன்படிக்கை வாசிப்பவர்போல் கான்ஜெமி அறிவித்தார்.

லா றோக்கா இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களில் நன்றாகச் சமைப்பது யார்?"