இடது காது தெரியவில்லை

எதிர்வீட்டுத் தையல்கார அக்காவுக்கு அநியாயம் செய்தது வேறு யாருமில்லை, என் சொந்த மாமாதான். ஏரியில் தூண்டில் போட லைசென்ஸ் கேட்டு அவள் கொடுத்த விண்ணப்பத்தை ஒரே வருடத்தில் ஐந்து முறை திருப்பி அனுப்பினார்.

மாமாவுக்கு மீன்வளத் துறையில் லைசென்ஸ் பிரிவு. புதுச் சட்டம் வந்ததிலிருந்து தூண்டிலுக்கும் லைசென்ஸ் வேண்டும்.

அக்காவுக்குத் தையலில் வருவது வாடகையோடு சரி. சாயங்காலம் ஏரியில் பிடிப்பதுதான் அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ராத்திரிச் சாப்பாடு.

"இந்தத் தடவை என்ன குறை, மாமா?" கவுன்ட்டரில் போய் நின்றேன்.

"போட்டோல இடது காது தெரியல."

"மீன் பிடிக்கக் காது எதுக்கு?"

"சட்டம் படிக்கறது நீ. என்னைக் கேட்டா?"

"போன தடவை கறுப்பு மையில எழுதினது தப்பு. அதுக்கு முந்தி, தாளை மடிச்சது தப்பு. கார்ல வந்து இறங்கறவங்களுக்கு மட்டும் அன்னிக்கே கையில குடுக்கறீங்க."

"அவங்க காதெல்லாம் பளிச்சுனு தெரியுதே."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னால், அக்காவோ தையல் மெஷினிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "விடும்மா. வர்றப்ப வரட்டும். தினம் பிடிச்சுக்கிட்டுதானே இருக்கேன்."

"இப்படி அடங்கிப் போனா தலையில ஏறித்தான் உட்காருவாங்க. இது உன் உரிமை, அக்கா."

"சரிம்மா, அந்த ஊசியை எடு."

அவள் கேட்காவிட்டால் என்ன, நான் கேட்டேன். இயக்குநருக்கு நான்கு பக்கப் புகார். சட்டப் பிரிவுகளுக்கு அடிக்கோடு வேறு.

பத்தே நாளில் லைசென்ஸ் வந்தது. மாமாவே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"பின்பக்கம் படிச்சியா?"

"சட்டம் முழுக்கப் படிச்சவ நான்."

"அப்ப சரி."

அன்று சாயங்காலம் அக்காவோடு ஏரிக்குப் போனேன். வாளியில் நான்கு மீன் விழுந்திருந்தபோது ஏரிக் காவலர் வந்தார்.

"லைசென்ஸ் வந்துடுச்சாமே?"

பெருமையாக நீட்டினேன். அவர் பின்பக்கத்தைத் திருப்பி வாசித்தார்: "இந்த உரிமம் பொழுதுபோக்குக்கு மட்டும். பிடித்த மீனை உயிருடன் நீரில் விட வேண்டும்."

"வீட்டுக்குக் கொண்டுபோற மாதிரி வேற லைசென்ஸ்?"

"புதுச் சட்டத்துல அப்படி ஒண்ணு கிடையாதும்மா."

"அப்ப இத்தனை நாள் எப்படி விட்டீங்க?"

"இத்தனை நாள் விண்ணப்பம் நிலுவையில இருந்துச்சு. முடிவு வர்ற வரைக்கும் பழைய சட்டம்தான். அதுல வீட்டுக்குக் கொண்டுபோகலாம்."

அக்கா என்னைத் திட்டவில்லை. வாளியை ஏரியில் கவிழ்த்தாள். நான்கும் வாலை ஆட்டிக்கொண்டு போயின.

திரும்பி நடக்கும்போது சொன்னாள்: "உன் மாமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா ஒரு தடவைக்கு ஒரு தப்புதான் கண்டுபிடிப்பாரு. எல்லாத்தையும் ஒண்ணாச் சொன்னா நான் திருத்திடுவேன்ல?"

மறுநாள் காலை, கதவு திறக்கும் முன்பே கவுன்ட்டர் வாசலில் நின்றேன்.

"மாமா, இதைத் திருப்பி எடுத்துக்குங்க."

"நாலு பக்கம் எழுதி வாங்கினதாச்சே. காரணம் வேணுமே."

லைசென்ஸைப் பார்த்தேன். படித்த சட்டத்தில் ஒரு வரியும் கைகொடுக்கவில்லை. கடைசியில் போட்டோவைப் பார்த்தேன்.

"இடது காது தெரியல, மாமா."

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "ஆமா, பெரிய தப்புதான். எப்படிக் கவனிக்காம விட்டேன்? இதை ரத்து பண்ணிடலாம். அந்தப் பொண்ணு புதுசா விண்ணப்பிக்கட்டும்."

"முடிவு வர எவ்வளவு நாளாகும்?"

அவர் புது விண்ணப்பத் தாளை எடுத்து, நடுவில் ஒரு மடிப்பு மடித்து என்னிடம் நீட்டினார்.

"கறுப்பு மையிலேயே எழுதச் சொல்லு."